ஆனி முகூர்த்தமும் தாய்மாமனும்

தை, நாள் பார்த்த வாரம்

கடல் கடந்து வாழ்வோர் ஊர் திரும்பிக் கலந்துகொள்ளும் திருமணங்களில் முகூர்த்தத்தைப் பஞ்சாங்கம் மட்டும் முடிவு செய்வதில்லை. பள்ளி விடுமுறைக்கும் வேலையில் கிடைக்கும் விடுப்புக்கும் அதில் பங்கு உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீண்ட விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டில் ஆடி குறுக்கிடுகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையிலோ மார்கழி நிற்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பொதுவாக இவ்விரு மாதங்களிலும் திருமணம் நடத்துவதில்லை. துபாய்ப் பள்ளிகள் ஜூலைத் தொடக்கத்தில் மூடப்படுவதால், அங்கிருந்து பிள்ளைகளோடு வர வேண்டிய தாய்மாமனுக்கு எஞ்சியது ஆனியின் பின்பாதி மட்டுமே.

மணமகள் வீடு திருத்தணியிலும் மணமகன் வீடு ஆந்திரத்தின் நகரியிலும் இருக்கும்போது இக்கணக்கு மேலும் நுட்பமாகிறது. தமிழ்ப் பஞ்சாங்கம் சூரியமானத்தைச் சார்ந்தது, அதாவது கதிரவன் ராசி மாறும்போது மாதம் பிறக்கும். தெலுங்குப் பஞ்சாங்கம் சந்திரமானத்தைச் சார்ந்தது, அதாவது அமாவாசை கழிந்ததும் மாதம் பிறக்கும். தெலுங்கர் திருமணத்துக்கு விலக்கும் ஆஷாட மாதம் 2023இல் ஜூன் 19 அன்றே தொடங்கிவிட்டதால், இரு வீட்டாருக்கும் பொதுவான ஆனி நாட்கள் மூன்றாகச் சுருங்கின. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. அக்குறையை ஈடுகட்டச் சேர்க்கப்படும் அதிக மாதம் 2026இல் ஆனிக்குச் சற்று முன்பே வந்ததால், ஆஷாடம் ஜூலை 15க்குத் தள்ளிப்போய், ஏறக்குறைய ஆனி முழுவதும் கைக்குக் கிடைத்தது. வளர்பிறை ஜூன் இறுதியோடு முடிந்துவிடும் என்பதை அறிந்தும், தேய்பிறை முகூர்த்தமே போதும் என்று இரு வீட்டுப் பெரியவர்களும் இசைந்தனர். மாமன் இல்லாத மணமேடையை அவர்களால் எண்ணிப்பார்க்க இயலவில்லை.

ஆனி, மணநாளுக்கு மூன்று நாள் முன்பு

சென்னை விமான நிலையத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வரும் சாலையில் தணிகை மலை கண்ணில் பட்டதும் ஊர் வந்துவிட்டதாகக் கொள்வது இப்பகுதியினர் வழக்கம். அந்த மலை எந்த மாநிலத்தைச் சேரும் என்பதே ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த திருத்தணி, ம.பொ.சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததே தவிர, கொள்வினை கொடுப்பினையை நிறுத்தவில்லை. ஆகவேதான் துபாயிலிருந்து வந்தவர் வாசலிலேயே இரு மொழிகளில் நலம் விசாரிக்கப்பட்டார், இரண்டிலும் விடை சொன்னார்.

முந்தைய மாலை

மாமன் சீர் என்பது தாய்மாமன் தன் உடன்பிறந்தாள் மகளுக்குத் தட்டுகளில் வரிசையாகக் கொண்டுவரும் பட்டுப்புடவை, மாலை, பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் முதலியன. பொருளை யாரும் வாங்கி அனுப்பிவிடலாம். ஆனால் மேளத்தோடு அதை வாசலுக்குக் கொண்டுவரும் கை மாமனுடையதாக இருக்க வேண்டும் என்பதில் ஊர் உறுதியாக இருக்கிறது. எல்லையின் இருபுறத்திலும் பல சமூகங்களில் அக்காள் மகளை மணக்கும் உரிமை மாமனுக்கு இருந்தது என்பதை நினைத்தால், அவ்வுரிமையை விட்டுக்கொடுப்பவரே முன்னின்று வாழ்த்துவதில் உள்ள கனம் விளங்கும். இந்த மணமகளுக்குக் காது குத்தியதும் இதே மாமன் மடியில்தான்.

மணநாள்

சினம் தணிந்த முருகன் வள்ளியை மணந்த தலம் என்பது திருத்தணியின் புராணம். சினம் தணிந்த இடமாதலால் கந்த சஷ்டியில் இங்குச் சூரசம்ஹாரம் நடப்பதில்லை. ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகளை மாமன் விடியலில் ஏறி வணங்கி இறங்கினார். முதியவர்கள் மலைப்பாதையில் காரில் சென்றுவந்தனர்.

மலையடிவாரத்து மண்டபத்தில் இரு மரபுகளும் ஒரே மேடையில் நடந்தேறின. தெலுங்கு மரபில் மாமனுக்கு மேனமாமா என்று பெயர். கௌரி பூசை முடித்த மணமகளை மூங்கில் கூடையில் அமர்த்தி மேடைக்குத் தூக்கிவருவது அவர் கடமை. மணமக்களுக்கு இடையே திரை பிடிக்க, குறித்த நொடியில் சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்த விழுதை வெற்றிலையில் ஏந்தி ஒருவர் தலைமீது மற்றவர் வைத்தனர். தெலுங்கருக்கு முகூர்த்தம் என்பது அந்நொடி, தமிழருக்கோ தாலி ஏறும் நொடி. கூடையைத் தூக்கிய மாமன் மேடையை விட்டு இறங்காமல், இரண்டு நொடிகளுக்கும் அருகிலேயே நின்றார்.

மறுநாள்

தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம், 2009, மணநாளிலிருந்து 90 நாட்களுக்குள் பதிவுக்கு மனு அளிக்கக் கோருவதால், அதற்கான தாள்களைச் சேர்க்கும் வேலை காலையிலேயே தொடங்கியது. மாமன் பெட்டியில் ஊறுகாயும் பிரசாதமும் ஏறின. மணமகளுக்குப் பிறக்கும் குழந்தைக்குக் காது குத்தும்போது மடி தர வேண்டியவன் அவளுடைய தம்பி. அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, ஆவணியில் புறப்படுகிறான். ஆண்டுக்கு எத்தனை நாள் விடுப்பு என்று மாமன் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.