முழங்காலும் பொறுமையும்

தலைவலி என்று சொன்னால் உலகம் அனுதாபப்படுகிறது. முழங்கால் வலி என்று சொன்னாலோ, "தங்களுக்கு வயது என்ன?" என்று கேட்கிறது. நாற்பதாம் வயதில் என் வலது முழங்காலில் வலி கண்டது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு ஐந்து வயது கூடிவிட்டது.

அந்த வலியின் சுபாவம் விசித்திரமானது. சமதரையில் நடக்கும்போது அது இருக்குமிடம் தெரியாது. மாடிப்படி ஏறும்போது மெல்லத் தலைகாட்டும். இறங்கும்போது தன் முழுச் சொரூபத்தையும் காட்டிவிடும். பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்தால், பாயசம் வருவதற்குள் எழுந்திருக்கச் செய்யும். கொட்டகையில் காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர்களை இது வாட்டுவதால், மேல்நாட்டு வைத்தியர்கள் இந்த அடையாளத்துக்குச் சினிமாவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

படம் எடுத்துப் பார்த்ததில் 'கொண்ட்ரோமலேஷியா பட்டெல்லே' என்ற நீண்ட பெயர் ஒன்று கிடைத்தது. கிரேக்க மொழியில் 'கொண்ட்ரோஸ்' என்றால் குருத்தெலும்பு. 'மலாக்கியா' என்றால் மென்மை. முழங்காற் சில்லின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு நெகிழ்ந்து மிருதுவாகிவிட்டது என்பதே இதன் பொருள். மனம் மிருதுவாவது நற்குணம். முழங்கால் மிருதுவாவது வியாதி!

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகையால் அது கெட்டுப்போனால் எளிதில் சீர்ப்படுவதில்லை. இதை 1743-ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹண்டர் என்ற வைத்திய அறிஞர் லண்டனில் எடுத்துரைத்தார். அவரை ஒருநாளும் படித்தறியாத என் மாமாவும் அதையே சொன்னார்: "தேய்ந்தது தேய்ந்ததுதான், அப்பா! பேசாமல் ஒரு கீழ் வீடாகப் பார்த்துக்கொள்." ஓர் ஆஸ்பத்திரியிலோ, குழாயை உள்ளே செலுத்திச் சுரண்டிவிடலாம் என்று நாள் குறிக்கவும் தயாராயிருந்தார்கள். நான் குடியிருப்பது மாடி வீடு. என் தாயார் கடைசிவரை வசித்த வீடு. மொட்டை மாடியில் அவர் வைத்த துளசி இன்னும் தளிர்க்கிறது. ஒரு சில்லு எலும்புக்காக அதை விட்டுப் போவதா என்று பல இரவுகள் உறக்கமின்றி யோசித்தேன்.

அப்போது எனக்குத் தைரியம் அளித்தது ஓர் அமெரிக்க வைத்தியரின் துணிச்சல். ஸ்காட் டை என்னும் அந்த எலும்பு வைத்தியர், தம் சொந்த முழங்காலின் உட்புறத்தை மரத்துப்போகச் செய்யாமலே, நண்பரைக்கொண்டு கருவியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அந்தச் சோதனையின் விவரம் 1998-இல் வெளியாயிற்று. சில்லின் குருத்தெலும்பு நைந்திருந்த இடத்தைத் தொட்டபோது அவருக்கு எவ்வித உணர்ச்சியும் இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வையும் கொழுப்புத் திண்டையும் தொட்டபோதோ வலி தாங்க முடியவில்லை. குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. வலிப்பது அதன் அண்டை அயலார்தாம். ஆகவே, குருத்து புதிதாக முளைத்தால்தான் வலி தீரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

பிறகு நான் நாடிய பிஸியோதெரபி நிபுணர் இதை எளிதாக விளக்கினார். ராட்டினத்தின் பள்ளத்தில் கயிறு ஓடுவதுபோல், தொடையெலும்பின் பள்ளத்தில் சில்லு ஓடுகிறது. அதை இழுத்துப் பிடிப்பவை தொடையின் முன்தசைகள். அவையும் இடுப்பின் பக்கத் தசைகளும் சோர்ந்தால் மூட்டின் சுமை கூடுகிறது. ஓய்வு என்று காலை நீட்டிக் கிடந்தால் தசை மேலும் மெலியும்.

சிகிச்சை மிகச் சாதாரணமானது. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, வலிக்கும் காலை விறைப்பாக ஓர் அடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்குவது. ஒருக்களித்துப் படுத்து மேற்காலைப் பக்கவாட்டில் உயர்த்துவது. தசை தேறிய பிறகு, சுவரில் முதுகைச் சாய்த்துச் சிறிதளவு மட்டும் முழங்காலை மடக்கி நிமிர்வது; தாழ்ந்த பலகையிலிருந்து நிதானமாக இறங்கிப் பழகுவது. பயிற்சியில் இலேசான வலி தோன்றலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும். ஆழமாகக் குந்துவதையும் சம்மணத்தையும் கொஞ்ச காலம் ஒத்திவைத்தேன். இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துப் பயிற்றுவிப்பதையே 2018-இல் வெளியான சர்வதேச நிபுணர்களின் ஒருமித்த கருத்தும் சிபாரிசு செய்கிறது. மின்சாரக் கருவிச் சிகிச்சைகளை அது சிபாரிசு செய்யவில்லை.

முதல் மூன்று வாரம் எந்தப் பலனும் தெரியவில்லை. மருந்தென்றால் விழுங்கிவிட்டு மறந்துவிடலாம். இதையோ தினந்தோறும் நாமே தயாரித்து நாமே உட்கொள்ள வேண்டியிருந்தது. ஆறாம் வாரத்தில் படியிறங்கும்போது கைப்பிடியை நாடாமல் இறங்கினேன். மூன்றாம் மாதம் துளசிக்கு இரண்டு குடம் தண்ணீர் சுமந்து ஏறினேன். மறுபடி படம் எடுத்தால் அதே கிரேக்கப் பெயரைத்தான் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். எழுதட்டும்! படத்தில் இருப்பது குருத்து, படியேறுவது நான்.

நேயர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முழங்கால் வீங்கினாலும், பூட்டியதுபோல் நின்றுவிட்டாலும், காய்ச்சலுடன் சிவந்து வலித்தாலும், அடிபட்ட பின் வலித்தாலும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், "தேய்ந்துவிட்டது" என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் வீட்டையும் நடையையும் துறந்துவிடாதீர்கள். தேய்ந்ததற்குப் பக்கத்திலேயே வளரக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்குத் தினம் கால் மணி நேரம் கொடுத்தால் போதும்.