கல்லாங்குத்து

'மூர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வார்த்தை என்று பல வருஷங்கள் யோசித்திருக்கிறேன். பி.ஏ. ஆங்கிலத்தில் 'வுதரிங் ஹைட்ஸ்' பாடம். 1847-ல் வந்த அந்த நாவலின் சில பக்கங்களை மொழிபெயர்க்க முயன்று இந்த ஒரு சொல்லிலேயே நின்றுபோனேன். தரிசு, பொட்டல், கரம்பு – எதுவும் பொருந்தவில்லை. காற்றும் ஈரமும் குத்துச்செடிகளும் தனிமையும் கலந்த ஏதோ ஒன்று அதில் இருக்கிறது, நம்மிடம் அது இல்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். பின்னால் ஒரு கட்டுரையில், தமிழ் நாவலில் நிலம் வெறும் பின்னணியாகவே நிற்கிறது, மனத்தின் இயக்கமாக ஆகவில்லை என்று எழுதியும் விட்டேன். அப்படிச் சொல்லும்வரை எந்த நிலத்திலும் நான் நடந்தவனில்லை.

2011-ல் மேலூர்ப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே மொட்டைப் பாறைக்குன்றுகள். ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை. குவாரிக்கு ஓடும் டிப்பர் லாரிகளுக்கான கடன் காகிதங்கள் என் மேஜை வழியாகப் போகும். குத்தகை உத்தரவின் நகல் சிலவற்றோடு இணைந்திருக்கும். அதில் நிலத்தின் வகை 'கல்லாங்குத்து' என்றோ, 'தீர்வை ஏற்படாத தரிசு' என்றோ இருக்கும். சரிபார்த்ததற்கு அடையாளமாக நான் சுருக்கொப்பம் இடுவேன். 2012-ல் மாவட்ட ஆட்சியர் சகாயம் அறிக்கை அனுப்பி, குவாரிகள் மூடப்பட்டபோது, தவணை நின்றுபோன கணக்குகளின் பட்டியலாகவே அச்செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது.

பிறகு வெளியூர்களில் இருந்துவிட்டு, மாற்றலாகி மதுரைக்கே திரும்பினேன். 2024 தை முதல் ஞாயிறுதோறும் அந்தக் குன்றுகளில் நடந்தேன். டாக்டர் நடக்கச் சொன்னார் என்பதற்கு மேல் உயர்ந்த காரணம் ஏதுமில்லை. ஆனைமலை, திருவாதவூர், கீழவளவு, மாங்குளம், அழகர்மலை, அரிட்டாபட்டி. சித்திரையில் பாறையின் சூடு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறும். ஐப்பசி மழைக்குப் பின் அதே பாறையில் நீர் வழிந்த தடம் கறுப்பாக நிற்கும். சுனை நிரம்பியிருக்கும். கீழவளவில் பஞ்சபாண்டவர் மலைக்குப் பக்கத்திலேயே கல் எடுத்த பள்ளங்கள், நேர்க்கோடாக வெட்டிய சுவர்களுக்கிடையே பச்சைத் தண்ணீர். அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

முதல் சில மாதங்கள் நான் தேடிப் போனது தனிமையைத்தான் என்று இப்போது தெரிகிறது. புத்தகத்தில் படித்திருந்த தனிமை. அது கிடைக்கவில்லை. எந்தக் குன்றில் ஏறினாலும் எனக்கு முன்னால் யாரோ வந்திருந்தார்கள். மாங்குளத்துக் குகைத்தளத்தில் சமணத் துறவிகளுக்கு வெட்டிய படுக்கைகள், மேலே பிராமி எழுத்து. 1882-ல் ராபர்ட் சீவெல் அவற்றைக் கண்டார். இத்தகைய குகை எழுத்துக்களின் மொழி தமிழ் என்று 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் பெயர் அங்கே இருக்கிறது, வெள்ளறை வணிகர் கூட்டத்தின் பெயரும் இருக்கிறது. அழகர்மலையில் உப்பு வணிகன், கொழு வணிகன், பொற்கொல்லன். யார், என்ன தொழில், என்ன கொடுத்தான், அவ்வளவே. வர்ணனை ஒரு சொல் கிடையாது. வவுச்சர் எழுதிப் பழகியவனுக்கு இந்த நடை புரியும்.

ஆவணியில் அரிட்டாபட்டி. வல்லூறு ஒன்று பாறை விளிம்பிலிருந்து இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு ஓட்டி வந்த பெரியவர் நின்றார்.

"என்ன சார், எங்க வந்தீக?"

"சும்மாதான் ஐயா, மலையப் பாக்க."

"எந்த மலைய?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கம்பை நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். கழிஞ்சமலை, ராமாயி மலை, கழுகுமலை, தேன்கூட்டுமலை. அதுவரை எனக்கு அது ஒரே பாறைத்தொடர்.

அன்றிரவு நாவலை மறுபடி எடுத்தேன். எமிலி பிராண்டே வாழ்ந்த ஹாவொர்த் பாதிரியார் வீட்டின் பின்புறத்திலிருந்தே மூர் தொடங்குகிறது. நாவலில் வரும் பெனிஸ்டன் பாறைக்கு மூலம் அவ்வூருக்கு அருகிலுள்ள பான்டன் கிர்க் என்ற பாறைமுகடு என்று சொல்வதுண்டு. அவளுக்கு அது வீட்டுப் புழக்கடை, பெயர் சொல்லி அழைத்த இடம். அதைப் பெயரில்லாத ஒரு மனநிலையாக ஆக்கிக்கொண்டது தூரத்து வாசகனான நான். என் கட்டுரை தமிழ் நாவலைப் பற்றிச் சொன்ன குறை, உண்மையில் என் வாசிப்பின் குறை.

அரிட்டாபட்டியை உள்ளிட்ட 193 ஹெக்டேர் நிலம் 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அதையும் சேர்த்த ஒரு பெரும் பரப்பில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வந்தது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களின் ஜனங்கள் மதுரைக்கு ஊர்வலமாக வந்தார்கள். அம்மாதமே ஏலம் ரத்தாயிற்று. ஊர்வலத்தன்று நான் கவுண்ட்டரில் இருந்தேன். லீவு போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரு வருஷம் நடந்தவன் என்று சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

'மூர்' இன்னும் மொழிபெயர்க்கப்படாமலே இருக்கிறது. அது இப்போது என்னைத் தொந்தரவு செய்வதில்லை. தொந்தரவு வேறு. 2011-ல் நான் சுருக்கொப்பம் இட்ட காகிதங்களின் லாரிகள் எந்தெந்த மலையை ஏற்றிச் சென்றன என்று எனக்குத் தெரியாது. காகிதத்தில் கல்லாங்குத்து என்று மட்டுமே இருந்தது.