இலவச ஃப்ரேம்வொர்க்கும் எழுதப்படாத தேய்மானமும்

யானையைக் கட்டித் தீனி போட்ட கதை என்று ஊரில் சொல்வார்கள் இல்லையா? கம்பெனிகள் தங்கள் வேலைக்காக எழுதி வைத்திருக்கும் வலைச் செயலிகளுக்கு இது ரொம்பவே பொருந்தும். பில் போடுவது, சரக்கு இருப்பு பார்ப்பது, வவுச்சர் பாஸ் செய்வது எல்லாம் இப்போது உலாவியிலேயே நடக்கிறது. அந்தத் திரைகளில் வரும் பட்டன், படிவம், பட்டியல் எல்லாவற்றையும் புதிதாக எழுதாமல் இருக்க, தயாராகக் கிடைக்கும் அடித்தளம்தான் ஃப்ரேம்வொர்க். பெரும்பாலும் இலவசம். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது!

காமர்ஸ் மாணவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இயந்திரம் வாங்கும்போது விலையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. எத்தனை வருடம் உழைக்கும், உதிரி பாகம் கிடைக்குமா என்று விசாரிப்பார்கள். வருடா வருடம் தேய்மானம் எழுதுவார்கள். ஃப்ரேம்வொர்க்குக்கு விலை பூஜ்யம் என்பதால் அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆனால் தேய்கிறது.

ஆங்குலர்ஜேஎஸ் கதையைப் பாருங்கள். 2010-ல் கூகுள் வெளியிட்டது. தரவு மாறினால் திரையும், திரையில் மாற்றினால் தரவும் தானாக மாறும். படிவங்கள் நிறைந்த ஆபீஸ் செயலிகளுக்கு நல்ல வசதி. நிறைய கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பெயர்தான் பழசு, உள்ளே எல்லாம் புதுசு. பழைய நிரல் அதில் அப்படியே ஓடாது. இரண்டையும் சேர்த்து ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வழி கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் மாற்றி எழுதுபவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? பல இடங்களில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டார்கள்.

பழைய பதிப்புக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதன்பின் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை கூகுள் அடைக்காது. அடைத்துத் தர வேறு நிறுவனங்கள் காசு வாங்குகின்றன. இலவசமாக எடுத்ததற்குக் கடைசியில் சந்தா...

கூகுளைத் திட்டிப் பயனில்லை. எடுப்பவர் ஒருவர், தீனி போடுபவர் இன்னொருவர் என்பதுதான் இங்கே கோளாறு. புரோகிராமருக்குப் புதுசாக எது வந்திருக்கிறதோ அது பிடிக்கும். பயோடேட்டாவில் போட்டால் அடுத்த வேலைக்கும் உதவும். மூன்று வருடத்தில் அவர் போய்விடுவார். மாட்டிக்கொள்வது, புதிதாகச் சேர்ந்த பையனும், மார்ச் 31 கணக்கு முடிக்கிற நேரத்தில் திரை தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் அக்கவுண்டன்டும்தான்.

அதனால் தேர்ந்தெடுக்கும்போதே சில விஷயங்களைப் பார்ப்பது நல்லது. இந்தச் செயலி எத்தனை வருடம் ஓட வேண்டும்? ஃப்ரேம்வொர்க்கின் ஒரு பதிப்புக்கு எத்தனை மாதம் ஆதரவு? ஆங்குலர் 2-க்குப் பிறகு அந்தக் குழுவே ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 18 மாத ஆதரவு என்று முன்கூட்டியே சொல்லும் வழக்கத்துக்கு வந்தது. பத்து வருடம் ஓட வேண்டிய செயலிக்கு 18 மாதம் என்றால் எத்தனை முறை மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, வரி விகிதம், தள்ளுபடி, கடன் வரம்பு மாதிரி வியாபார விதிகளைத் திரைக்குள் எழுதக் கூடாது. அவை சர்வரில் தனியாக இருக்கட்டும். அப்படி இருந்தால் ஃப்ரேம்வொர்க்கை மாற்றுவது வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலையோடு முடியும். இல்லாவிட்டால் சுவரையே இடித்துக் கட்ட வேண்டும்.

வருடத்துக்குச் சில வாரங்களைப் பதிப்பு உயர்த்துவதற்கென்றே பட்ஜெட்டில் ஒதுக்கிவிட்டால் போதும். அதுதான் ஃப்ரேம்வொர்க்குக்கு எழுத வேண்டிய தேய்மானம்.