முள்ளுக்குப் பிடிபடாத உடுக்கை

பவானி கூடுதுறைக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜமக்காளத் தறி ஓடும் வீடுகளுக்கு நடுவே அந்த அறை இருக்கிறது. ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் மைக் செட் கட்டியவர், இப்போது அங்கே பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறார்.

நான் கொண்டுபோனது என் பெரியப்பா உடுக்கையடித்துப் பாடிய அண்ணன்மார் கதை. அவர் குரல் இருப்பது அந்த ஒரே கேசட்டில்தான். பத்து வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில் கொடுத்து சி.டி.யாக்கினோம். உடுக்கை விழும் இடமெல்லாம் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் கேட்டது. கேசட் கெட்டுவிட்டது என்றே வீட்டில் நம்பிக்கொண்டோம்.

மைக் செட்காரர் அந்த சி.டி.யின் அலையைத் திரையில் பெரிதாக்கினார். கூர்மையாக எழ வேண்டிய முகடுகள் ஒரே உயரத்தில், கத்தியால் சீவியதுபோல் நின்றன. "நாடா நல்லாத்தான் இருக்குமுங்க தம்பி. முள்ளு காட்டுற சைபரையும் கம்ப்யூட்டர் சைபரையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டாங்க."

அவர் சொன்ன முள் வி.யு. மீட்டருடையது. அந்த மீட்டர் 1939-ல் அமெரிக்க வானொலிக்காரர்களும் தொலைபேசிக்காரர்களும் சேர்ந்து வகுத்தது. ஒலி வந்து 300 மில்லி விநாடி ஆன பிறகே அதன் முள் தன் இடத்தை எட்டும். இழுத்துப் பாடும் குரலுக்கு அது போதும். உடுக்கையின் அடியோ சில மில்லி விநாடிகளில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். முள் கிளம்புவதற்குள் அடி முடிந்திருக்கும். நாடாவில் அளவு மீறினால் ஒலி மெல்ல மெல்லத்தான் திணறும். டிஜிட்டலில் சைபர் என்பது கூரை. அதற்கு மேலே எண்ணே கிடையாது.

அன்று காலை முழுக்க அவர் பாட்டைத் தொடவேயில்லை. கணினியிலிருந்து மைனஸ் 20 டெசிபலில் ஒற்றைச் சுரம் ஒன்றை ஓடவிட்டார். ஆயிரம் ஹெர்ட்ஸ்தான் வழக்கம். அவர் வைத்தது 400. பல மல்டிமீட்டர்கள் அதற்கு மேல் ஏசி வோல்ட்டைச் சரியாகக் காட்டாது. முள்ளின் சைபருக்குரிய 1.228 வோல்ட் வரும்வரை திருகினார். மிக்சரில் வலது முள் சைபரில் நின்றது. இடது முள் அரைக் கோடு இறங்கியிருந்தது. மீட்டருக்குப் பின்னாலிருந்த சின்னத் திருகை ஸ்குரூடிரைவரால் தொட்டார், ஏறியது. அதே சுரத்தைத் திரும்பக் கணினிக்குள் அனுப்பி, அங்கேயும் மைனஸ் 20 வருகிறதா என்று பார்த்தார். ஐரோப்பிய ஒலிபரப்புக்காரர்கள் மைனஸ் 18-ஐ 0.775 வோல்ட்டோடு கட்டுகிறார்கள். எதைக் கட்டினோம் என்று எழுதி வைக்காவிட்டால் அடுத்தவர் குழம்பிப்போவார்.

இருபது டெசிபலைச் சும்மா விடுவதா என்று கேட்டேன்.

"அது உடுக்கைக்கு விட்ட எடமுங்க."

24 பிட் பதிவுக்கு ஏட்டளவில் 144 டெசிபல் இடம் உண்டு. சாதாரணக் கேசட்டுக்கு அறுபதே அதிகம். மேலே இருபதை விட்டாலும் நாடாவின் இரைச்சல்கூடத் தப்பாமல் பதிவாகும்.

பிறகு பரிசோதனைக் கேசட்டைப் போட்டு டெக்கின் அளவைச் சரிசெய்தார். கடைசியாகத்தான் எங்கள் கேசட். ஹெட்டின் ஓரத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். கம்மியிருந்த குரல் துலங்கிய இடத்தில் நிறுத்தினார்.

1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் ஆய்வாளர் பிரெண்டா பெக் இதே கதையை நாடாவில் பதிந்தார். ஆய்வாளர் கைக்குப் போன பாட்டு அச்சேறிவிட்டது. நம் வீட்டுப் பரண்களில் கிடப்பவற்றுக்கு ஒரு காலை நேரம் செலவழிக்கக்கூட ஆளில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

பாட்டு தொடங்கும் முன் கேசட்டில் யாரோ இருமினார்கள். தூரத்தில் குழித்தறியின் பலகை இடிக்கும் சத்தம். முதல் அடி விழுந்தது. முள் மைனஸ் 3-ஐத் தாண்டவில்லை. திரையில் உச்சம் மைனஸ் 7-க்குப் போய் வந்தது. சீவப்படாத முழு அடி. பெரியப்பா மூச்சிழுப்பது கேட்டது.

கோப்பின் தொடக்கத்தில் அந்த 400 ஹெர்ட்ஸ் சுரத்தை அரை நிமிடம் சேர்த்து, அளவுகளைக் கேசட் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினார். வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுத் தறி இடித்துக்கொண்டிருந்தது.