குழல் வாயில் ஒரு மில்லிமீட்டர்

நான் படித்த ஊடகத் துறையில் துப்பாக்கி என்பது ஓர் ஒலிக்கோப்பு. நாடகத்துக்கு வேண்டுமென்றால் கணினியில் தேடி எடுப்போம். சத்தம் கூடினால் குறைப்போம், அவ்வளவுதான். செய்தி வாசிக்கும்போதுதான் அது வேறு முகம் காட்டும். காட்டுப் பன்றி என்று நினைத்துக் கூட வந்தவரையே சுட்டுவிட்ட செய்தியை நம் நாட்டில் வானொலியில் இருப்பவர்கள் ஒரு முறையாவது வாசித்திருப்பார்கள்.

அதனால்தான் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் அக்கா, “உன் மகன் மான் வேட்டைக்குப் போறேன்னு நிக்கிறான். நீ வர்றப்ப அவன்கிட்ட பேசு” என்று சொன்னபோது, என்ன பேசுவது என்று விமானத்திலேயே யோசித்துக்கொண்டு போனேன். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். யாராவது செனாப்பாங் பாத்தாவைத் தோளில் மாட்டிக்கொண்டு செம்பனைக்குள் போனால், அம்மா எங்களை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்துவார். அந்தப் பயம் அக்காவிடம் அப்படியே இருக்கிறது.

அக்கா மகனுக்கு 15 வயது. அங்கே முதன்முதலில் வேட்டை உரிமம் எடுப்பவர்களுக்குரிய பயிற்சி வகுப்பை முடித்துவிட்டான். கூட்டிப் போக இருந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், நாற்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவர். சுற்றுலா விசாவில் போன என்னைப் போன்றவர்கள் துப்பாக்கியைக் கையில் எடுப்பதைப் பொதுவாக அங்குள்ள சட்டம் அனுமதிப்பதில்லை. பார்க்கவும் கேள்வி கேட்கவும் தடை இல்லையே! கேள்வி கேட்பதுதானே என் தொழில்.

ஒஹாயோவில் வேட்டை நடக்கும் நிலத்தில் பெரும்பகுதி சோளக் கொல்லையும் இடையிடையே வீடுகளும்தான். குண்டு வெகுதூரம் போகக்கூடாது என்பதால் வழக்கமான ரைஃபிளுக்கு அங்கே நெடுங்காலம் அனுமதி இல்லை. 2014இல்தான் சில வகைகளை மட்டும் விட்டார்கள். பெரியவர் போன்றவர்கள் இன்னமும் ஷாட்கன்தான். அதிலும் மானுக்குச் சிறு ரவைகள் போடக்கூடாது. ஒரே ஒரு கனத்த ஈயக் குண்டு. அதற்கு ஸ்லக் என்று பெயர். ஏறக்குறைய 28 கிராம் எடை, நொடிக்கு 490 மீட்டர் வேகம். சீக்கிரமே வேகம் இழந்துவிடும் என்றாலும், குறி தவறினால் பல நூறு மீட்டர் பறக்கும்.

“இதுல மோசமா என்ன நடக்கும்?” என்று அக்கா பெரியவரிடம் நேரடியாகவே கேட்டார். ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அவர் எழுந்து போய்த் துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

முதலில் அறையைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்கச் சொன்னார். பிறகுதான் குழலின் முனையைக் காட்டினார். அங்கே ஒரு சின்னக் குழாய் திருகப்பட்டிருந்தது. சோக் என்கிறார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சிதறாமல் தூரம் போகுமே, அந்த வேலைதான். நூற்றுக்கணக்கான ரவைகளைச் சிதறவிடாமல் கூட்டமாக அனுப்ப, குழல் வாயைக் கொஞ்சம் இறுக்குவது. 12 போர் துப்பாக்கியின் குழல் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். இறுக்கமே இல்லாதது சிலிண்டர். கால் மில்லிமீட்டர் இறுக்கினால் இம்ப்ரூவ்டு சிலிண்டர், அரை மில்லிமீட்டர் என்றால் மாடிஃபைடு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்றால் ஃபுல்.

ரவைகள் இறுக்கத்துக்கு ஏற்றபடி நெருங்கி, நழுவிப் போய்விடும். ஒரே கட்டி ஈயம் எங்கே நழுவுவது? பிதுங்கித்தான் வெளியேற வேண்டும். அதற்காகத்தான் ஸ்லக்கின் பக்கவாட்டில் வரிவரியாகப் பள்ளம் வைத்திருக்கிறார்கள். அந்த வரிகள் குண்டைச் சுழல வைக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். சுழற்சி இருந்தாலும் சொற்பமே. இறுக்கமான இடத்தில் ஈயம் நசுங்கி வழிவிடத்தான் அவை அதிகம் உதவுகின்றன. ஜெர்மனியின் வில்ஹெல்ம் பிரென்னெகே 1898இல் உருவாக்கிய குண்டிலும் இந்த வரிகள் உண்டு. 1931இல் அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் உருவாக்கிய குண்டு இறகுப்பந்து மாதிரி முன்கனத்தோடு, பின்பக்கம் குடைவாக இருக்கும். அதனால் அது சுழலாவிட்டாலும் தலைகீழாகப் புரளாமல் நேராகப் போகிறது.

ஆக, ஸ்லக்குக்கு ஏற்றது சிலிண்டர் அல்லது இம்ப்ரூவ்டு சிலிண்டர். மாடிஃபைடு சில துப்பாக்கிகளில் சரிப்படும். ஃபுல் சோக்கில் குறி கெடும், குழல்முனைக்கும் அழுத்தம் கூடும். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, வசந்த காலத்து வான்கோழி வேட்டைக்கான எக்ஸ்ட்ரா ஃபுல். அதில் ஸ்லக் போட்டால் சோக் பிளக்கலாம், குழல் வீங்கலாம். சோக்கையும் தோட்டாவையும் செய்கிறவர்களே கூடாது என்று எச்சரிக்கிறார்கள்.

பெரியவர் சின்னச் சாவியை அவனிடம் கொடுத்து, கழற்றிப் படி என்றார். அவன் கழற்றினான். எக்ஸ்ட்ரா ஃபுல்! ஏப்ரலில் வான்கோழிக்குப் போட்டது அப்படியே இருந்தது. பெரியவருக்கு அது தெரியும், வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சோக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

இதில் எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பல நிறுவனங்களின் சோக்குகளில் விளிம்பில் சிறு வெட்டுகள்தான் அடையாளம். ஒரு வெட்டு என்றால் ஃபுல், நான்கு என்றால் இம்ப்ரூவ்டு சிலிண்டர். வெட்டு குறையக் குறைய இறுக்கம் கூடுகிறது. புதிதாக வருகிறவர் நேர்மாறாகத்தானே நினைப்பார்? அதனால் வெட்டை மட்டும் நம்பாமல், கழற்றிப் பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் படிக்க வேண்டும் என்பது பெரியவரின் சட்டம். சபோ என்று இன்னொரு வகைக் குண்டு இருக்கிறது; பிளாஸ்டிக் உறைக்குள் வரும், விலை அதிகம். உட்புறம் புரி வெட்டிய குழலுக்கானது அது. வழவழப்பான குழலில் போட்டால் காசும் போகும், குறியும் போகும்.

மறுநாள் சுடும் திடலுக்குப் போனோம். காதடைப்பான், கண்ணாடி. சுமார் 45 மீட்டர் தள்ளிக் காகித இலக்கு. ஒரே வகை ஸ்லக்கை இரண்டு சோக்கிலும் மும்மூன்று முறை சுடவைத்தார். அந்தத் துப்பாக்கியில் இம்ப்ரூவ்டு சிலிண்டர்தான் மூன்று ஓட்டைகளையும் ஒரு கையகலத்துக்குள் வைத்தது. இன்னொரு நிறுவனத்தின் தோட்டாவுக்குச் சிலிண்டர் பொருந்தியது. எந்தப் பெட்டியிலும் இது எழுதியிருக்காது, சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். உதைப்பில் சோக் தளரும் என்பதால், சில சுற்றுக்கு ஒருமுறை துப்பாக்கியைக் காலியாக்கிவிட்டு மறுபடி முறுக்கினார்கள்.

அவர் சொன்னதில் என் தொழிலுக்கு நெருக்கமானது ஒன்று உண்டு. ஒவ்வொரு வெடியையும் காதால் அளக்க வேண்டுமாம். வழக்கமான முழக்கத்துக்குப் பதில் ‘டொப்’ என்று ஒலித்தால், குண்டோ உறையோ குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டா போட்டால் குழல் வெடிக்கும். உடனே நிறுத்தி, குழலை ஆபத்தில்லாத திசையிலேயே வைத்துக் காத்திருந்து, பிறகு அறையைத் திறந்து குழல் முழுவதும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அக்கா மகன் இசைப் பிரியன். இதை மட்டும் அவனுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுடும் மேடை மரத்தின் மேலே இருந்ததை அக்கா நேரில் போய்ப் பார்த்தார். மேலிருந்து சுட்டால் தவறிய குண்டு மண்ணில் புதையும். வடக்குப் பக்கம் ஒரு வீட்டின் கூரை தெரிந்தது. அந்தப் பக்கம் மான் வந்தாலும் சுடக்கூடாது என்று பெரியவர் கயிறு கட்டி எல்லை குறித்திருந்தார். எனக்குத் தெரிந்து அக்காவின் மனம் மாறியது அந்தக் கயிற்றைப் பார்த்தபோதுதான். நான் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை வேட்டைப் பருவம் தொடங்கியது. அங்கே சில பள்ளிகள் அன்றைக்கு விடுமுறையே விடுகின்றன. விடியற்காலை ஐந்து மணி, வெளியே உறைபனி, சட்டப்படி போட வேண்டிய ஆரஞ்சு மேலங்கியோடு அவன் கிளம்பி நின்றான். அக்கா கோப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, “சோக் பாத்தியா?” என்றார்.

“நேத்தே பாத்தேன்மா.”

“இப்ப பாரு.”

அவன் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தான்.