பாட்டு என்ற அலகு

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் உதவுகிற ஒரு கருவியை எப்படி மதிப்பிடுவது? எத்தனை கிகாபைட், எத்தனை மணி நேரம், எத்தனை கிராம் என்று பட்டியல் கொடுப்பதே வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. அது மதிப்பீடு அல்ல, நிறுவை. ஒரு நாவலைப் பற்றி எழுத வந்தவர் பக்க எண்ணிக்கை, காகிதம், விலை என்று சொல்லி முடித்துவிட்டால் நாம் ஏற்றுக்கொள்ள மாட்டோம். கருவி விஷயத்தில் ஏற்றுக்கொள்கிறோம். கருவிக்கென்று அபிப்பிராயம் ஏதும் கிடையாது, நாம் கொடுப்பதை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தருகிறது, அவ்வளவுதான் என்ற நம்பிக்கையே காரணம். எனக்கு இந்த நம்பிக்கை இல்லை. சங்கீதம் என்றால் என்ன என்பது பற்றி ஏதோ ஒரு தீர்மானத்துக்கு வந்த பிறகே இப்படி ஒன்றைச் செய்ய முடியும். விமர்சகன் விசாரிக்க வேண்டியது அந்தத் தீர்மானத்தை.

நான் சொல்வது 2005 அக்டோபரில் வெளிவந்த, படமும் காட்டுகிற ஐபாட். 30 கிகாபைட், 136 கிராம். என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்தார். இன்னும் வேலை செய்கிறது. விரலால் வட்டமாகத் தடவும் சக்கரம் வைத்த கடைசி வகை 2014இல் நின்றுபோயிற்று. 2022இல் ஐபாட் வரிசையே முடிந்துவிட்டது. தயாரிப்பில் இல்லாத பொருளைப் பற்றிப் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி குறுக்கே வராது.

2001இல் முதல் ஐபாட் வந்தபோது, பையில் ஆயிரம் பாட்டு என்று விளம்பரம் செய்தார்கள். அதன் கொள்ளளவு 5 கிகாபைட். ஆயிரம் எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டுக்கு 4 நிமிஷம், விநாடிக்கு 160 கிலோபிட் என்று வைத்தால் வருகிறது. மொத்தம் 66 மணி நேரத்துக்குச் சற்று மேல். 66 மணி நேரச் சங்கீதம் என்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலத்தால் அளக்க வேண்டியதைத் துண்டுகளால் எண்ணினார்கள்.

இந்த நாலு நிமிஷத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 3 நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். அது அரக்குத் தட்டு போட்ட எல்லை, கலைஞன் போட்டதல்ல. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கோயில் வீதியில் மணிக்கணக்கில் வாசித்த தோடி, அந்த எல்லைக்குள் மடிந்துதான் தட்டில் ஏறியது. மடிந்த நிலையிலும் அது தோடியாகவே இருந்தது என்றால் அது அவருடைய மேதைமை. தட்டின் பெருமை அல்ல. அரக்குத் தட்டு போயிற்று. ஆனால் அது விதித்த நீளம், அந்த நிர்ப்பந்தமே இல்லாத ஒரு கருவிக்குள் பாட்டு என்ற பெயரில் குடியேறிவிட்டது.

வெறும் விளம்பரச் சொல் என்று இதை ஒதுக்க முடியாது. கருவியின் உடம்பிலேயே இது இருக்கிறது. உள்ளே உள்ள வட்டு எப்போதும் சுற்றிக்கொண்டிருப்பதில்லை. அடுத்து வரும் பாட்டுகளை மொத்தமாக நினைவகத்துக்கு ஏற்றிவிட்டு ஓய்ந்துவிடும். மின்சாரம் மிச்சம். கோப்பு 9 மெகாபைட்டைத் தாண்டினால் மின்கலம் சீக்கிரம் தீரும் என்று தயாரித்தவர்களே அப்போது அறிவுரை சொன்னார்கள். விநாடிக்கு 128 கிலோபிட் கணக்கில் இது 10 நிமிஷம்கூட இல்லை. ராகம் முகம் காட்டத் தொடங்கும் நேரம்.

ராகம் தானம் பல்லவியைக் குறுந்தகடு போடுகிறவர்கள் மூன்று துண்டாக்குவதுண்டு. 2006 செப்டம்பரில் மென்பொருளைத் திருத்தும்வரை ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இந்தக் கருவி ஒரு கணம் வெறுமையாக இருக்கும். வரிசையைக் கலைத்துப் போடச் சொன்னால் தானத்துக்குப் பிறகு எங்கிருந்தோ ஒரு துக்கடா வந்து நிற்கும். இவற்றைக் கோளாறு என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டு ஒரு தனிப் பொருள், எதை எதன் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றுதான் என்ற தீர்மானத்தின் விளைவுகள் இவை.

என்னிடம் ஒரு காசெட் இருக்கிறது. 1983இல் எங்கள் ஊர்த் திருவிழாவில், சுவாமி புறப்பாட்டின்போது என் சித்தப்பா பதிவு செய்தது. வாசித்தவர் இசைத்தட்டில் ஏறாதவர். ஜில்லாவைத் தாண்டி அவர் பெயர் தெரிந்தவர்கள் இல்லை. காம்போதி, 52 நிமிஷம். அதைக் கணினி வழியாக இந்தக் கருவிக்கு மாற்றினேன். 60 நிமிஷ காசெட் ஆகையால் 30ஆவது நிமிஷத்தில் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. சித்தப்பா காசெட்டைத் திருப்பிப் போட்ட இடம். வெட்டுக்கு முன் மேல் ஸ்தாயியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தவர், வெட்டுக்குப் பின் இறங்கிக்கொண்டிருக்கிறார். ஏறி எங்கே நின்றார் என்பது போயே போய்விட்டது. ஒவ்வொரு கருவியும் தன் எல்லையைச் சங்கீதத்தின்மேல் தழும்பாக விட்டுவிட்டுத்தான் போகிறது.

இதனால் சபாவில் உட்கார்ந்து கேட்பதே உத்தமம் என்று நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். காரியதரிசியின் பேச்சும், தனி ஆவர்த்தனத்தின்போது காண்டீனுக்கு எழுந்து போகிறவர்களின் செருப்புச் சத்தமும் எனக்குத் தெரியும். சபாவால் தர முடியாத ஒன்றை இந்தக் கருவி தந்திருக்கிறது. திரும்பக் கேட்கும் சாத்தியம். அந்தக் காம்போதியில் ஒரு பிடியை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். முதலில் அலங்காரம் என்று பட்டது, பிறகு அடுத்த பத்து நிமிஷத்துக்கும் அதுவே அஸ்திவாரம் என்று புரிந்தது. கவிதையைத் திரும்பப் படிக்காமல் அபிப்பிராயம் சொல்கிறவனை நாம் மதிப்பதில்லை. சங்கீதத்தில் மட்டும் நினைவில் தங்கிய பரவசத்தை விமர்சனமாக ஏற்றுக்கொண்டிருந்தோம். அந்த ஆஹாகாரத்துக்கு இனி சாக்கு இல்லை.

ஆனால் நீளத்தைப் போலவே தூரமும் இதில் அடிபடுகிறது. நாகஸ்வரம் திறந்தவெளி வாத்தியம். மேல வீதியில் வாசிப்பது கீழ வீதித் திண்ணைக்கு வந்து சேரும்போது அதில் இரவும் கலந்திருக்கும். காதுக்குள் செருகிக்கொள்ளும் குமிழில் அது மண்டைக்கு நடுவே கேட்கிறது. வாசிக்கிறவர் சீவாளியை நனைத்துக்கொள்ளும் சப்தம்கூட விழுகிறது. நெருக்கம் கிடைத்துவிட்டது. வீதி போய்விட்டது.

படத்திலும் இதே கதைதான். திரை இரண்டரை அங்குலம். 1955இல் வந்த ‘பதேர் பாஞ்சாலி’யை இதில் பார்த்தேன். பழைய படச் சட்டமும் இந்தத் திரையும் ஏறக்குறைய ஒரே விகிதம். ஆகவே ஓரங்கள் வெட்டுப்படவில்லை. எல்லாம் இருக்கிறது. கிழவி இந்திர் தாக்ருணின் முகம் உள்ளங்கையில் உயிரோடு இருக்கிறது. ஆனால் அப்புவும் துர்காவும் நாணல் வெளியில் ஓடிப் போய்ப் பார்க்கும் ரயில், ஊர்ந்து போகும் ஒரு கரிக்கோடு. அந்தக் காட்சியின் அர்த்தமே தூரத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று: படம் ஓட மின்கலம் 2 மணி நேரம் தாங்கும் என்பது அவர்கள் கொடுத்த கணக்கு. படம் அதைத் தாண்டுகிறது. அந்தக் கணக்குப்படியே, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டி கிராமத்தை விட்டுப் புறப்படுவதற்குள் திரை இருண்டுவிடும்.

இப்போது இந்த வேலையையெல்லாம் கைபேசி எடுத்துக்கொண்டுவிட்டது. வட்டு இல்லை, கொள்ளளவு ஒரு பிரச்னையே இல்லை. அலகு மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 3 நிமிஷ மெட்டும் ஒரு தடவை, 52 நிமிஷக் காம்போதியும் ஒரு தடவை. துண்டுகளை எண்ணுகிற புத்தி கருவியைவிட நீண்ட ஆயுள் பெற்றிருக்கிறது. கிகாபைட்டையும் கிராமையும் மட்டும் எடை போட்ட மதிப்புரைகள் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

ஒருமுறை மின்னேற்றினால் 14 மணி நேரம் பாடும் என்று என் ஐபாட்டுக்குக் கணக்குக் கொடுத்திருந்தார்கள். காம்போதியைப் போட்டால் அத்தனை நேரம் வராது. ஒரே கோப்பு, 50 மெகாபைட். வட்டு மறுபடி மறுபடி சுற்றியாக வேண்டும். ஆறு துண்டாக்கினால் மின்சாரம் மிச்சமாகும். நான் துண்டாக்கவில்லை.