அம்மா வாசிக்காத அத்தியாயம்

2023 மே மாதத்தில் ஒரு நாள், பங்கின் பீடச்சிறுவர்களையும் இளைஞர் சிலரையும் அழைத்துக்கொண்டு சித்தன்னவாசலுக்குச் சென்றிருந்தேன். கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. வேனில் வழிநெடுகப் 'பொன்னியின் செல்வன்' திரைப்படப் பாடல்கள்தாம். ஏப்ரல் 28-ஆம் நாள் வெளியான இரண்டாம் பாகத்தைப் பிள்ளைகளில் பாதிப்பேர் பார்த்துவிட்டிருந்தனர்.

"பாதர், ரெண்டாம் பாகம் பாத்தாச்சா?" என்றான் அருகில் இருந்த இளைஞன்.

"முதல் பாகமே பார்க்கவில்லை தம்பி."

அவன் நம்பவில்லை. "நீங்கதான பாதர் பிரசங்கத்துல வந்தியத்தேவன் கதையெல்லாம் சொல்வீங்க?"

"அதனால்தான் பார்க்கவில்லை" என்றேன். அவனுக்கு அது விளங்கவில்லை. விளக்கிச் சொல்லவும் எனக்கு அப்போது மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கதை அம்மாவின் குரலாகவே இருந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது, ஆசிரியராயிருந்த என் தாத்தா அதை வாரந்தோறும் கத்தரித்துச் சேர்த்து, ஐந்து பாகங்களாகப் பைண்டு செய்து வைத்திருந்தார். சீதனமாக அம்மா கொண்டுவந்த பொருள்களில் இன்றுவரை தேயாமல் நிலைத்தவை அந்த ஐந்து தொகுதிகளே. இரவில் செபமாலை முடிந்ததும் அரிக்கேன் விளக்கைச் சற்றே தூண்டிவிட்டு அம்மா வாசிப்பார். சைவரும் வைணவரும் வாதாடும் கதையைச் செபமாலை கையோடு வாசிக்கலாமா என்று உபதேசியார் ஒருமுறை கேட்டதுண்டு. "ஆழ்வார்க்கடியான் சண்டை போட்டா நம்ம விசுவாசம் போயிருமா?" என்று அம்மா கேட்க, அவர் சிரித்துக்கொண்டே திண்ணையில் அமர்ந்து தாமும் கேட்டுவிட்டுப் போனார்.

அம்மாவுக்குப் பிடித்தவள் குந்தவை அல்லள். எங்கள் புதுக்கோட்டைச் சீமையின் கொடும்பாளூர் இளவரசி வானதியும் அல்லள். கடம்பூர் சம்புவரையர் மாளிகையின் மணிமேகலைதான். கதையில் அவளுக்கு இடம் சிறிது. தமையன் கந்தமாறன் தன் நண்பனைப் பற்றி ஓயாமல் சொன்ன கதைகளைக் கேட்டே, வந்தியத்தேவனைக் கண்ணால் காணுமுன் மனத்தில் வரித்துவிட்ட பேதை அவள். பின்னர் அவனைக் காக்கக் கொலைப்பழியைத் தன் தலையில் ஏற்கவும் துணிகிறாள். அவள் பேசும் இடங்களில் அம்மாவின் குரல் தானாகத் தணியும். ஓவியர் மணியத்தின் படங்கள் தொகுதிகளில் இருந்தன. ஆயினும் எனக்குள் இருந்த மணிமேகலை அந்தத் தணிந்த குரலிலிருந்து பிறந்தவள். அவளுக்கு ஒரு நடிகையின் முகத்தை யாரோ ஒட்டிவிடுவார்கள் என்பதே என் அச்சமாயிருந்தது. அம்மா மறைந்தபின் அவ்வச்சம் கூடிற்று. அந்த முகம் போனால் குரலும் உடன் போய்விடும் என்று தோன்றியது.

இது வெறும் பிடிவாதமன்று. எனக்கு ஒரு முன் அனுபவம் இருந்தது. 1978-இல் தெலுங்கில் 'கருணாமயுடு' என்ற பெயரில் ஆண்டவரின் வாழ்க்கை படமாக வந்தது, தமிழில் 'கருணாமூர்த்தி'. எங்கள் ஊர்க் கோவில் மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டி அதைக் காட்டினார்கள். ஆண்டவராக நடித்தவர் விஜயசந்தர். சிலுவைப்பாதைக் காட்சியில் ஊரே அழுதது, நானும் அழுதேன். நற்பலன் விளைவித்த படம், அதில் ஐயமில்லை. ஆனால் சில ஆண்டுகள் கழித்துக் குருமடத்தில் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள்படி தியானிக்கப் பழக்கினார்கள். நற்செய்தியின் நிகழ்ச்சி ஒன்றை எடுத்து, அந்த இடத்தையும் மனிதரையும் மனக்கண்ணால் காணவேண்டும். கண்ணை மூடினேன். திபேரியாக் கடல் வந்தது, படகு வந்தது, படகில் விஜயசந்தர் வந்தார்! எவ்வளவு முயன்றும் அவர் இறங்கவில்லை. ஆன்ம குருவிடம் சொன்னபோது, "அதற்கு முன் எந்த முகம் இருந்தது?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் காலண்டரில் இருந்த முகம். அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940-இல் வரைந்து, பின் உலகெங்கும் அச்சாகிப் பரவிய முகம் அது என்பதைப் பிற்பாடு அறிந்தேன்.

திருவுருவங்களைப் பற்றிய இறையியலைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம், உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் நபரையே சென்றடைகிறது என்று போதித்தது. அதற்கும் முன்னரே, கோவில் படங்களை உடைத்த மார்செய் ஆயர் செரேனுசுக்கு, எழுத்தறியாதவர்க்குப் படமே வாசிப்பு என்று பெரிய கிரகோரியார் எழுதினார். இவற்றையெல்லாம் மறையுரையில் தெளிவாகச் சொல்லும் நான், ஒரு நாவலின் சிறு பாத்திரத்துக்காக உருவ எதிர்ப்பாளனாகி நின்றேன்.

இவ்வச்சம் எனக்கு மட்டும் உரியதுமன்று. 1958-இல் எம்.ஜி.ஆர். இந்த நாவலைப் படமாக்க உரிமை பெற்று அறிவித்த நாள்தொட்டே, யார் வந்தியத்தேவன், யார் நந்தினி என்று தமிழர் வாதாடி வந்திருக்கின்றனர். அந்தப் படம் எடுக்கப்படவில்லை. மணிரத்னம் எடுத்த முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ஆம் நாள் திரைக்கு வந்தபோது, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொருவரும் தம் மனத்தில் ஓட்டிய படத்தோடு அது போட்டியிட வேண்டியிருந்தது. பாவம், எந்த இயக்குநர்தான் அதில் வெல்வார்?

சித்தன்னவாசலில் முதலில் ஏழடிப்பட்டத்துக்கு ஏறினோம். சமணத் துறவியர்க்கென்று பாறையில் செதுக்கி வழவழப்பாக்கிய பதினேழு படுக்கைகள். மெத்தை கேட்கும் நம் துறவற இல்லங்களை எண்ணிக்கொண்டு இறங்கினேன். பிறகு அறிவர் கோயில். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டுக்குக் கண் பழகியபின் விதானத்தில் தாமரைக்குளம் தெளிந்தது. இலைகளுக்கிடையே மீன்கள், பறவைகள், யானை, எருமை. தாமரை கொய்யும் மனிதர். தூண்களில் ஆடும் மகளிர் இருவர் பெரும்பாலும் மங்கி, வளைந்த கையும் இடையுமாக எஞ்சியிருந்தனர்.

நான் மாணவனாயிருந்தபோது இவற்றை மகேந்திர பல்லவன் காலத்தவை என்று படித்தேன். பாறையில் உள்ள கல்வெட்டோ வேறொரு செய்தியைச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அகமண்டபத்தைப் புதுப்பித்து, முகமண்டபமும் எடுத்தாராம். அவர் எடுத்த முகமண்டபமும் நிலைக்கவில்லை. இன்று முன்புறம் நிற்கும் தூண்கள் இருபதாம் நூற்றாண்டில், சமஸ்தான காலத்தில், குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. கருவறை விதானத்தில் ஒரு வண்ணப் பூச்சின் அடியில் அதற்கும் முந்தைய பூச்சு ஒன்று இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பீடச்சிறுவன் ஒருவன் கேட்டான்: "அப்போ மேல வரைஞ்சவரு பழசை அழிச்சிட்டாரா பாதர்?"

"அழிக்கவில்லை. அதன்மேல் வரைந்தார்."

"கீழ இருக்கறவருக்குக் கோவம் வராதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வேனில் திரும்பும்போது அக்கேள்வி என்னை விடவில்லை. இத்தனை ஆண்டுகளாக நான் சித்தன்னவாசல் என்று வியந்து போற்றியதே இன்னொருவரின் பழைய வேலைமீது இளங்கௌதமன் கைவைத்ததன் விளைவாக இருக்கலாம். அடியில் இருப்பதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அது இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

அந்த ஆகஸ்டு மாதத்தில், அதே இளைஞனின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பங்கு இல்லத்துத் தொலைக்காட்சியில் இரண்டு இரவுகள் படத்தைப் பார்த்தேன். நான் அஞ்சியது நடந்தது என்பதை மறைப்பானேன்? குந்தவை இன்று எனக்குத் திரிஷாவின் முகத்தோடுதான் வருகிறாள். மணியத்தின் குந்தவை பின்னுக்குப் போய்விட்டாள். ஆதித்த கரிகாலனின் உள்ளக் கொதிப்பை விக்ரம் நாவலைவிட நெருக்கமாகக் காட்டிவிட்டார் என்றும் ஒப்புக்கொள்கிறேன். சேந்தன் அமுதன் முடிசூடாமல் போனது மட்டும் எனக்கு உறுத்திற்று. நாவலின் கடைசி வியப்பே அதுவல்லவா?

மணிமேகலைக்காகக் காத்திருந்தேன். கடம்பூர் மாளிகை வந்தது; சம்புவரையர் வந்தார்; கந்தமாறன் வந்தான். அவள் வரவில்லை. இரண்டாம் இரவு படம் முடிந்து பெயர்கள் ஓடியபோதுதான், அவளை முழுவதுமாக நீக்கிவிட்டார்கள் என்று எனக்கு உறைத்தது. யார் முகத்தை ஒட்டுவார்களோ என்று நான் அஞ்சியவளுக்கு ஒரு முகமும் தரப்படவில்லை. அவள் எனக்குப் பத்திரமாக மிஞ்சினாள் என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, கடுஞ்சினம் மூண்டது. "எப்படி விடலாம்? அவள் இல்லாமல் என்ன பொன்னியின் செல்வன்?" என்று அந்த இளைஞனிடம் இரைந்தேன். "யாரு பாதர் அது?" என்றான் அவன். அவன் நாவலைப் படித்தவனல்லன்.

அவனுக்குக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். சொல்லிக்கொண்டே வந்தவன் முடிவை நெருங்கும்போது தயங்கி நின்றேன். அம்மா ஒருபோதும் எங்களுக்குக் கடைசி அத்தியாயத்தை வாசித்ததில்லை. அதற்கு முந்தைய அத்தியாயத்தோடு தொகுதியை மூடி, "அப்புறம் எல்லாரும் நல்லா இருந்தாங்க, போய்ப் படுங்க" என்பார். ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுத் தொடரும் வாசிக்கப்படும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மூடப்படும். மணிமேகலை சித்தம் கலங்கி, வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுவதைப் பதினேழு வயதில் சிறு குருமட நூலகத்தில்தான் படித்தேன். அச்சுப்பிழையோ என்றுகூட எண்ணினேன். விடுமுறைக்கு வந்தபோது அம்மாவிடம் கேட்டேன். "நீ படிச்சிட்டியா?" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. பின்னாளில் குருவான என்னைச் 'சாமி' என்று அழைக்கத் தொடங்கியபிறகும், அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

இளைஞன் விடைபெற்றுச் சென்றபின் அலமாரியைத் திறந்து ஐந்தாம் பாகத்தை எடுத்தேன். கதையை வெட்டுவது துரோகம் என்று சற்றுமுன் கத்தியவன், வெட்டப்பட்ட கதையைக் கேட்டே வளர்ந்திருக்கிறேன். அம்மா திறக்காத அந்த ஏடுகள் மட்டும் புதிதாக இருக்கும் என்று நினைத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். மற்ற ஏடுகளைப் போலவே அவற்றின் ஓரங்களும் விரல்பட்டு நைந்திருந்தன. மணிமேகலை இறக்கும் பக்கத்தின் கீழ்மூலையில், விளக்கருகே வைத்து வாசித்ததற்கு அடையாளமாக, மண்ணெண்ணெய்க் கறை ஒன்று வட்டமாகப் படிந்திருந்தது.